பதினொன்றாம் கேள்வி

"ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள்.
கீழிருந்து மேல்வரை பத்துப் படிகள்.
உச்சிப் படியில்
உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆகச் சிறந்த வாழ்க்கை.
தரையில் ஆக மோசமானது.
இந்த நிமிடம் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?"

இன்று மட்டும் இருபத்தாறு பேரிடம் கேட்டுவிட்டேன்.
காயானி நகரில் ஜனவரி.
மூன்றரை மணிக்கே இருட்டு வந்து
ஜன்னலில் ஒட்டிக்கொள்கிறது.
என் இடப்பக்கக் கடைவாய்ப்பல்
காலையிலிருந்து
தன் சொந்தக் கணக்கெடுப்பை நடத்துகிறது.
பல் டாக்டர் கொடுத்த நாள் செவ்வாய்.
இன்று வியாழன்.

பெரும்பாலும் ஏழு என்கிறார்கள்.
எட்டு என்றால் பீற்றிக்கொள்வதாகிவிடும்.
ஆறு என்றால்
ஏன் என்று கேட்டுவிடுவேனோ என்று பயம்.
(கேட்க மாட்டேன். அதற்கு அனுமதியில்லை.)
ஒருத்தி குரலைத் தாழ்த்தி நான்கு என்றாள்,
உடனே ஏழாக மாற்றச் சொன்னாள்.
ஒரு பையன் பதினொன்று என்றான்;
பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.
கட்டத்துக்குள் பதினொன்று ஏறவில்லை.

இருபத்தேழாவது எண்.
மூச்சு வாங்க ஓர் ஆண்குரல்.
வயது நாற்பத்தாறு.
தொழில்: கிடைத்தது எல்லாம்.
ஏணி என்றதும் சிரித்தார்.
"நான் நிஜமாகவே ஏணியில்தான் நிற்கிறேன்.
பள்ளிக்கூடக் கூரையிலிருந்து பனி தள்ளுகிறோம்.
ஆறாம் படி ஆடுகிறது, அதில் மட்டும் கால் வைக்க மாட்டேன்."

"வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறேன்" என்றேன்.

"ஓ.
அப்படியென்றால் ஏழு போடுங்கள்.
எல்லோரும் அதைத்தானே போடுவார்கள்?"

நன்றி சொன்னேன். அவரும் சொன்னார்.
சொல்லிவிட்டு, அணைக்காமலே
போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விதிப்படி நான் துண்டித்திருக்க வேண்டும்.

துணி உரசியது.
உலோகத்தில் பூட்ஸ் காலின் சத்தம்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
பிறகு ஒரு நீண்ட எட்டு.
ஆறாம் படியைத் தாண்டுகிறார்.
நான் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்?
அப்புறம் பனி நறநறத்தது.

"தார்மோ, உன் கையுறையைக் கொடு. என்னுடையது நனைந்துவிட்டது."
"நேற்றும் நனைத்தாய்."
"அது நேற்று."

ஃப்ளாஸ்க் மூடி திருகும் ஒலி.
யாரோ சர்க்கரையை மறந்து வந்திருக்கிறார்கள்.
வழக்கு நெடுநேரம் நடந்தது.
குற்றவாளி யாரென்று தீர்ப்பாகுமுன்
கூரையிலிருந்து மிச்சப் பனி
தொப்பென்று காப்பியோடு சேர்த்து எல்லாவற்றின் மேலும் விழ,
இரண்டு பேரும் ஒரே கெட்டவார்த்தையை
ஒரே நேரத்தில் சொன்னார்கள்.
மூன்றாவதாக நானும் சொன்னேன் போலிருக்கிறது.
பக்கத்து மேசை சிர்க்கா திரும்பிப் பார்த்தாள்.

இணைப்பு அறுந்தது.
மூன்று நிமிடம், நாற்பது நொடி என்றது திரை.
பல் திரும்பி வந்தது.

வந்த பிறகுதான் தெரிந்தது
அது போயிருந்தது என்று.

போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.
அந்த மூன்று நிமிடத்துக்குள்
யாராவது என்னை அழைத்து
எந்தப் படி என்று கேட்டிருந்தால்
கேட்ட மாத்திரத்தில் கீழே விழுந்திருப்பேன்.
சிலவற்றை
ஏணி வைத்தாலும் எட்டாது என்பார்கள்.
இதற்கு ஏணி வைத்ததுதான் தப்போ என்னவோ.
அல்லது எல்லாமே வெறும் பல்வலிதானோ,
வலி சற்று வெளியே போன நேரத்துக்கு
நாம் வைத்திருக்கும் பெரிய பெயரோ.
தெரியவில்லை.
கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவருக்கு ஏழு என்று பதிந்தேன்.
அது அவர் சொன்னது. பொய்யில்லை.
அவர் தரையில் நின்று
கழுத்துக்குள் போன பனியை உதறிக்கொண்டிருந்ததைப் பதிய
கட்டம் எதுவும் இல்லை.

திரை விடவில்லை.
அழைப்பு நீண்டதற்குக் காரணம் என்ன:
இயந்திரக் கோளாறு,
மொழிச் சிக்கல்,
பதிலளிப்பவரின் தயக்கம்,
மற்றவை.

நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தேன்.
மற்றவை என்று குறித்தேன்.