மூன்றாம் அறை

காலையில் முதல் வேலை சாம்பல் துடைப்பது.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி
ராத்திரி முழுக்கத் தூவியதை
இரண்டு பேனல் மேலிருந்தும்
ஈரத்துணியால், வெயில் ஏறுமுன்.
எண்ணூரில் எங்கள் தலைக்கு மேலேதான்
ஊருக்கெல்லாம் கரண்ட் போகிறது, கம்பியில்.
பட்டா இல்லாத கொட்டகைக்கு மீட்டர் கிடையாதென்று
மூன்று தடவை திரும்பி வந்த மனுவை
மடித்து பாட்டரிக்கு அடியில் வைத்திருக்கிறேன்,
ஆடாமல் இருக்க.

உச்சியில் அறைகள் மெல்ல நுரைக்கும்.
காது வைத்தால் கேட்கும்,
சேற்றில் நண்டு மூச்சு விடுகிற மாதிரி.
அந்நேரம் பீடியோடு யாரும் உள்ளே வரக் கூடாது.

வெயில் தாழ்ந்ததும் மூடிகளைத் திறப்பேன், ஆறு.
ரப்பர் குமிழை அமுக்கி விட்டால்
கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை எழும்பி நிற்கும்.
வலை கட்டுகிறவளுக்கு இது புதிசில்லை.
மேலே மிதவை, கீழே ஈயம், நடுவே தண்ணீர்.
எவ்வளவு மூழ்குகிறது என்பதுதான் கணக்கு.
ஆயிரத்து இருநூற்று அறுபது.
அறுபத்தைந்து.
அறுபது.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வைப்பேன்.

தகடு முங்க வேண்டும், வழியக் கூடாது.
ஆசிட் ஊற்றுவதில்லை. வற்றிப்போனது தண்ணீர்தான்,
ஆசிட் எங்கேயும் போய்விடவில்லை.
எத்திராஜ், என் கொழுந்தன், ஒரு நாள்
கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.
"மனுசன் குடிக்கிற தண்ணிதான அண்ணி?"
மனுசன் எதையும் குடிப்பான்.
இதற்கு வடித்த தண்ணீர்தான் ஆகும்.
என் புடவையெல்லாம் பொட்டுப் பொட்டாய் ஓட்டை.
எது ஆசிட், எது மீன் முள் என்று
எனக்கு மட்டும் தெரியும்.

கார்த்திகையில் புயல்.
மூன்று நாள் சூரியன் இல்லை.
மீட்டர் இருந்த வீடுகளும் இருட்டு.
எனக்குக் கொஞ்சம் கர்வம், ஒளிப்பானேன்,
மச்சு வீட்டுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு
என் கொட்டகை வாசலில் வரிசையில் நின்றபோது.
பதினேழு போன்.
முள் பன்னிரண்டு வோல்ட்டைத் தொட்டதும்
எல்லாவற்றையும் பிடுங்கி வைத்தேன்.
பூங்காவனம் கெஞ்சினாள்:
"அரை மணி நேரம்டி. அவரு கடல்ல."
பாதிக்குக் கீழே இறக்கினால்
தகட்டில் உப்புப் பூத்துவிடும் என்றேன்.
அவளுக்கு அது புரிய வேண்டிய அவசியம் இல்லை.

பொழுது சாய்ந்தது. அவள் புருஷன் படகு வரவில்லை.
முகத்துவாரத்து மணல்திட்டு இருட்டில் தெரியாது.
நான் எழுந்து
காயலான் கடையில் வாங்கிய லாரி விளக்கை
மூங்கிலில் கட்டினேன், கடலைப் பார்க்க.
ஒன்பது மணிக்கு கன்ட்ரோலர் தானாக அறுத்தது.
ஒயரை நேராகப் பாட்டரியில் கொடுத்தேன்.
பதினொன்று.
பத்தே முக்கால்.
விளக்கு மஞ்சளாகி, செம்பாகி,
விடியற்காலை நாலு மணி வாக்கில்
எரிந்த திரி மாதிரி சிவந்து கிடந்தது.
படகு வரவில்லை.

விடிந்ததும் எத்திராஜ் ஓடி வந்தான்.
முந்தின நாள் சாயங்காலமே
பழவேற்காட்டில் கரை ஏறிவிட்டார்களாம், நாலு பேரும்.
போன் போட்டுப் போட்டுப் பார்த்தார்களாம்.
பூங்காவனத்தின் போன்
என் பலகை மேல் செத்துக் கிடந்தது,
நான் பிடுங்கி வைத்த இடத்திலேயே.

அவள் சிரித்தாள். அழுதாள். போனை எடுத்துக்கொண்டு போனாள்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெயில் வந்த பின் எட்டு நாள்
விளக்குப் போடாமல் ஏற்றினேன்.
கூடுதல் வோல்ட் வைத்து நுரைக்கவிட்டும் பார்த்தேன்.
ஐந்து அறை எழுந்து வந்தது.
மூன்றாவது மட்டும்
ஆயிரத்து நூற்று எண்பதிலேயே உட்கார்ந்துவிட்டது.
எத்திராஜ் சொல்கிறான்,
உடைத்து உருக்கினால் வலைக்குக் குண்டு ஆகுமே.
அந்தப் புகையை என் அடுப்பு வாசலில் விடமாட்டேன்.
கடைக்காரர் கிலோ விலை சொல்லியிருக்கிறார்.
இன்னும் கொடுக்கவில்லை.

இப்போது விளக்கு எட்டரை வரை.
அதற்குள் முடிகிற வலையைத்தான் ஒத்துக்கொள்கிறேன்.
நேற்று பூங்காவனம் போனைக் கொண்டுவந்து வைத்தாள்.
முள்ளைப் பார்க்காமல் செருகினேன்.
பிறகு பார்த்தேன்.