பத்திரத்தில் இல்லாதது

தோட்டத்து டிராக்டர் தம்பிக்கு,
அதன் பின்னால் மாட்டும் சுழல்கலப்பை எனக்கு
என்று எழுதிக்கொண்டது பங்குனியில்.
பத்திர எழுத்தர் சத்தமாகப் படித்துக் காட்டினார்.
யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இரண்டையும் சேர்க்கும் பெல்ட்
யார் பங்கு என்று அதில் இல்லை.
எலி கடித்து, மோட்டார் கொட்டகை மூலையில்
எந்தக் கணக்கிலும் சேராமல் கிடந்தது அது.

ஒன்பது மாதம் என் கலப்பை
பலாமரத்தடியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.
கோழி அதற்குள் புகுந்து முட்டையிட்டது.
அவன் வண்டி தண்ணீர்க் குடமும் சிமெண்ட் மூட்டையும்
வெள்ளக்கரைத் தெருவெல்லாம் இழுத்தது.

மார்கழிப் பட்டம் நெருங்கிவிட்டது.
மல்லாட்டைக்கு மண் புழுதியாக வேண்டும்.
வாடகை ரோட்டவேட்டர் என் முக்கால் காணிக்குள் திரும்பாது;
திரும்பினால் முந்திரி வேலி போய்விடும்.
ரேணுகாம்பாளுக்குப் போன் போட்டேன்.
"சனிக்கிழமை காலையில வருவாராம்" என்றாள்,
கரண்டு ஆபீஸ் ஆள் வருவதைச் சொல்வதுபோல.

பழைய பெல்ட்டில் நம்பர் அழிந்திருந்தது,
'பி' என்ற எழுத்து மட்டும் மிச்சம்.
சணலால் அளந்து முடிச்சுப் போட்டு
பஸ் ஏறி இம்பீரியல் ரோட்டுக்குப் போனேன்.
கடைப் பையன் சணலை இழுத்துப் பார்த்தான்.
"பழசை வச்சு அளக்காதீங்கக்கா,
உழைச்சது நீளும்."
இரண்டு இஞ்சு குறைவாகக் கொடுத்தான்.
எழுநூற்று நாற்பது. பில் வாங்கிக்கொண்டேன்.

வந்தான். வண்டியை அணைக்காமலே "எங்க?" என்றான்.
ஒன்பது மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் சொல்.
முட்டையை எடுத்து முறத்தில் வைத்தேன்.
துரு பிடித்த பின்னுக்கு மண்ணெண்ணெய்,
மண்ணெண்ணெய்க்கு மசியாததற்குச் சுத்தியல்.

தூக்கு.
இன்னும்.
பிடி, விட்டுடாத.

நூல் பிடித்துப் பார்த்தோம்.
இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இல்லை,
சுண்டுவிரல் அளவு விலகல்.
உன் பக்கம்தான் கோணல் என்றான்.
உன் பக்கம் என்றேன்.
ஒரு வாஷர் போட்டதும் சரியாயிற்று.
எந்தப் பக்கம் போட்டோம் என்று சொல்ல மாட்டேன்.

பெல்ட் ஏறவில்லை.
கடைப் பையனைத் திட்டினேன், மனசுக்குள்.
ஸ்பிரிங்கை ஸ்குரூடிரைவரால் நெம்பி
தளர்வு வாங்கும் சக்கரத்தை அவன் விலக்கிப் பிடிக்க,
தரையில் மல்லாந்து படுத்து
காடியில் பாதி வரை ஏற்றிவிட்டேன்.
ஸ்குரூடிரைவர் வழுக்கியது.
அவன் மொளியில் தோல் உரிந்து ரத்தம்.
"விடாத" என்று கத்தினேன்.
விடவில்லை.
மீதிப் பாதி தானே விழுந்து உட்கார்ந்தது,
டப்பென்று.

முதலில் ரப்பர் தீய்ந்த வாடை.
பிறகு ஒரு கீச்சல். வேலியில் இருந்த மைனாக்கள் பறந்தன.
நெம்புகோலை அவன் மெல்ல இறக்க இறக்க
கேப்பர் மலைச் செம்மண்
கட்டியாகப் புரண்டது,
இரண்டாம் சாலில் உடைந்தது,
மூன்றாம் சாலில் கேழ்வரகு மாவு.

என்னுடையதை முடித்து அவனுடையதற்குப் போய்
மூன்று மணிக்குத் திரும்பினான்.
"பெல்ட் எவ்ளோ?"
பில்லைக் காட்டினேன்.
முந்நூற்று எழுபது எண்ணி வைத்தான்,
ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்போது அது பாதி அவனுக்கு, பாதி எனக்கு.
பெல்ட்டை வெட்ட முடியாது.
கழற்றினால் யார் வீட்டு ஆணியில் மாட்டுவது?
அவன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்தான்,
துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.
வண்டியையும் கலப்பையையும் மாட்டியபடியே
பலாமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து போனான்.
சாவியை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

ராத்திரி எலிப்பொறியைத் தூக்கிக்கொண்டு போய்
பெல்ட்டுக்கு நேர் கீழே வைத்தேன்,
சுட்ட தேங்காய்ச் சில்லோடு.