மூன்றாம் அலகு, மதியத்துக்கு மேல்

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
மின்விசிறி இன்னும் மூன்று சுற்று சுற்றி
யாரோ கூப்பிட்டதைக் கேட்டதுபோல் நின்றது.
கரும்பலகையில் பேய்மை என்று எழுதியிருந்தேன்.
சரியான சொல் இல்லை. அழித்தேன்.
'காத்திக்' என்றே எழுதிக்கொள்ளுங்கள்.
கீழக்கரையின் வெயிலில் முப்பத்திரண்டு பேனாக்கள்
எழுதிக்கொண்டன.

அந்த நாட்டுக்கு அப்போது வயசு ஐம்பதுகூட இல்லை.
சுண்ணாம்பு காயாத வீடுகள்.
இடிந்த கோட்டை கிடையாது, கொடி படர்ந்த மடாலயம் கிடையாது,
சாபம் ஏறிய ஜமீன் கிடையாது.
பயப்படத் தேவையான சாமான்களைக்கூட
கப்பலில்தான் தருவிக்க வேண்டியிருந்தது.
அதனால் ஒருவன் காட்டுக்குள் போனான்,
தன்னையே சந்திக்க.
இன்னொருவன் தன் மண்டையைத் திறந்து பார்த்தான்.
உள்ளே படிக்கட்டு இறங்கிக்கொண்டே இருந்தது.

காடு காலியாகக் கிடந்தது என்று எழுதினார்கள்.
காலி இல்லை. ஆட்கள் இருந்தார்கள்.
விரட்டி, வெட்டி, வேலி போட்ட பிறகு
மரத்துக்குப் பின்னால் நிற்பது யார் என்று
வீட்டுக்குள்ளிருந்து கேட்டார்கள்.
பருத்தி வயலில் விலைக்கு வாங்கிய முதுகுகள்
ராத்திரி சுவருக்குள் மூச்சு விட்டன.
(இதை எழுதாதீர்கள். ஐந்து மதிப்பெண்ணில் அடங்காது.)

ஜன்னலுக்கு வெளியே எங்கள் காடு:
சீமைக்கருவேலம்.
அதுவும் அந்தக் கண்டத்திலிருந்து வந்த விதைதான்.
அங்கே மரத்தடியில் ஒருவன் ஆன்மாவைத் தேடினான்.
இங்கே உள்ளே போகிறவன் அரிவாளோடு போகிறான்,
மூட்டம் போட்டு, மண் பூசி,
நாலு ராத்திரி காவல் கிடந்து
கரியோடு கரியாக வெளியே வருகிறான்.
அவனிடம் யாரும் கேட்டதில்லை
நிலா எப்படி இருந்தது என்று.

"மிஸ்."
கடைசி பெஞ்ச். ஜெசிமா பர்வின்,
வாலிநோக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்.
அதுவரை 'உள்ளேன்' தவிர ஒரு சொல் பேசாதவள்.

"எங்க வாப்பா கப்பல் உடைச்சவரு.
ஒரு கப்பலு, அடிவயித்துல ஒரு ரூம்பு,
வெளியில மட்டும் தாப்பா.
செவுத்துல ஆணியால கோடு கோடா கீறியிருக்கு.
நானூத்திப் பதினொண்ணு.
கடைசிக் கோடு பாதி.
அந்தத் தகட்ட மட்டும் உருக்கக் குடுக்கல வாப்பா.
கூலியில கழிச்சுக்கிட்டு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு.
இப்ப எங்க கெணத்துக்கு மூடி.
சோளகக் காத்துல அது சத்தம் போடும் மிஸ்.
தட்டுற மாதிரி இல்ல.
எண்ணுற மாதிரி."

யாரும் சிரிக்கவில்லை.
முன் பெஞ்ச் நாகஜோதி மட்டும் கேட்டாள்:
"மிஸ், இது பரீட்சைக்கு வருமா?"

பஸ்ஸில் உப்பளங்கள் பின்னால் ஓடின.
மூட்டங்கள் புகைந்தன, ஆள் தெரியவில்லை.
ஒரு நாளைப் பாதியாக எப்படிக் கீறுவது?
மத்தியானம் தாழ்ப்பாள் திறந்ததா,
கை நின்றதா?
சில்லறை வாங்காமல் இறங்கிவிட்டேன்.

உள்தேர்வில் கேள்வி வைத்தேன்:
இடிபாடே இல்லாத நாட்டில் இந்த அச்சம் எப்படி வேர்பிடித்தது?
ஜெசிமா எழுதியிருந்தது என் குறிப்பு,
என் எழுத்துப்பிழையோடு.
கப்பல் இல்லை. கோடு இல்லை.
ஐந்துக்கு நாலு போட்டேன்.
அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன், தெரியாது.

மறுநாள் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள்.
"எங்க கெணத்துத் தண்ணி, மிஸ்.
கடலு நூறடியில. ஆனா உப்பு கரிக்காது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
குடித்தேன்.
உப்பே இல்லை.
இரும்பு மட்டும்.