முந்நூற்றுப் பன்னிரண்டு

சீட்டில் அந்த எண்ணைப் பார்த்து
டோக்கன் என்று நினைத்து
வரிசையில் போய் நின்றேன்.
நர்சு ஜெனோவா கையைப் பிடித்து இழுத்தாள்.
"இது உனக்குச் சீனி."

சீனி நைனாவுக்குத் தரவேண்டிய பாக்கி
எட்டாயிரந்தானே என்றேன்.
இது ரத்தத்தில் இருக்கிறது என்றாள்.
அதுவும் அங்கேதான் இருக்கிறது என்று
நான் சொல்லவில்லை.

சோற்றைக் குறை. இடியாப்பம், தோசை குறை.
பனங்கிழங்கு பக்கம் போகாதே.
கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று
எவள் சொன்னாலும் நம்பாதே.
மீன் தின்னு, முட்டை தின்னு, கீரை தின்னு.
பாம்பன்காரிக்கு இதில் என்ன கஷ்டம்
என்று சிரித்தாள். திண்டுக்கல் பிள்ளை.
மீன் எங்கள் வீட்டுக்கு வரும் சாமான் இல்லை,
வீட்டைக் கடந்து போகும் சாமான் என்று
அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இறாலுக்கு ஐஸ் உண்டு.
நண்டுக்குக் கம்பெனி வண்டி உண்டு.
காரலும் சூடையும்கூட
காய்ந்து, பொடியாகி, கோழித்தீனியாக
நாமக்கல்லுக்கு மூட்டை ஏறும்.
அங்கிருந்து முட்டையாகத் திரும்பி வந்து
ஒன்று ஏழு ரூபாய் என்று கடையில் உட்காரும்.
ரேஷன் அரிசிதான்
காசு கேட்காமல் வீட்டுக்குள் வந்தது.
மூட்டைக்குள் கையை விட்டால்
நாளை என்பது கையில் தட்டுப்படும்.
அதை விடச் சொன்னால்
எதை விற்பது, எதைத் தின்பது?

இருந்தாலும் விட்டேன், வீம்புக்கு.
மாத்திரையை விழுங்கிவிட்டு
வெறும் வயிற்றோடு பாசிக்குப் போனேன்.
விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி,
தீவுக்கு இந்தப் பக்கம் பாறையில் முங்கினேன்.
ஆறாவது முங்கலில்
கடல் ஆட்டுரல் மாதிரிச் சுற்றியது.
கை நடுங்கியது. பாசி எது, பாறை எது தெரியவில்லை.

இருளாயிதான் மயிரைப் பிடித்துத் தூக்கினாள்.
வள்ளத்தில் போட்டு, வாயைப் பிளந்து
கடலை மிட்டாயைத் திணித்தாள்.
சீனியால் செத்துப்போவேன் என்று சொன்னார்கள்.
அன்றைக்கு என்னை
உப்புத்தண்ணியிலிருந்து மீட்டதும் அதுதான்.

"குறை என்றேனே, விடு என்றேனா?"
ஜெனோவா கத்தியது வெளியே ஆட்டோக்காரன்வரை கேட்டது.
மாத்திரையைப் பாதியாக்கினாள்.
கடலுக்குப் போகும் நாளில்
மடியில் மிட்டாய் வைத்துக்கொள் என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன்.
தராசுத் தட்டில் ஏறுமுன்
ஒரு கை காரல் எனக்கு.
நம்புவேல் வாய்க்குள் கணக்குப் போட்டான்,
நாளைக்கு இவ்வளவு, மாசத்துக்கு இவ்வளவு என்று.
ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எவ்வளவு ஆகும்,
அதையும் சேர்த்துப் போடு என்றேன்.
அடுத்த நாள் கூடையில்
கூட இரண்டு சூடை கிடந்தது.

இப்போது என் தட்டில்
மீன்தான் குவியல்.
சோறு ஓரத்தில், ஊறுகாய் மாதிரி.
முருங்கைக்கீரை நடுவில்.
மகன் எட்டிப் பார்த்து
"சோத்தத் தொட்டுக்கிறியாம்மா?" என்கிறான்.
ஆமாடா, தொட்டுக்கொள்கிறேன்.
விரல்களுக்கு இன்னும் பழக்கம் போகவில்லை,
சோற்றுப் பக்கமே நீளுகின்றன.
இருளாயி பழையதைத் திறக்கும்போது
காற்றுக்கு எதிர்ப்பக்கமாய் உட்கார்ந்துகொள்கிறேன்.

போன வாரம் சீட்டில் இருநூற்றுச் சொச்சம்.
ஏப்ரலில் படகுகளைக் கட்டிப்போட்டால்
இந்தத் தட்டு என்ன ஆகும், தெரியாது.

நேற்று பாசி போடப் போனேன்.
சீனி நைனா தராசுக்குப் பின்னால்
டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.
வெள்ளரிக்காய், இரண்டு அவித்த முட்டை.
என்னைப் பார்த்ததும் மூடினார்.
நான் விடவில்லை.
"எனக்கு முந்நூத்திப் பன்னெண்டு இருந்துச்சு நைனா,
ஒங்களுக்கு?"

ஈரம் என்று சொல்லி
என் பாசியில் மூன்று கிலோ எப்படிக் கழிப்பாரோ,
அதே முகத்தோடு
தன் எண்ணையும் கழித்துத்தான் சொன்னார்.