இலையோடு காலம்

மார்ச் கடைசியில் வந்துசேர்ந்தது பாட்டுப் புத்தகம்.
மூவாயிரம் கிலோமீட்டர் லாரியில்,
ஒரு படகு, நான்கு எல்லைச் சாவடி தாண்டி.
அட்டையில் அணில், குடை, கஷ்கொட்டை.
முதல் பக்கத்தில்
அக்டோபர் வந்தாச்சு, இலையெல்லாம் பொன்னாச்சு.

அக்டோபரில் எங்கள் தோல்வினில்
ஏரியோரப் பனி உடையும்.
ஆட்டுக்குட்டிகள் ஈரம் காயாமல்
எழுந்து நிற்கப் பார்க்கும்.
ஐந்து வயது சீரோவுக்கே தெரியும் அது.
"டீச்சர், புத்தகம் தலைகீழா இருக்கு" என்றான்.
வாங்கித் திருப்பிப் பிடித்தான்.
அணில் தலைகீழானது.
மாதம் அப்படியே இருந்தது.

அன்றிரவு திருத்த உட்கார்ந்தேன்.
மாத்தே ஊற்ற ஊற்ற
கெட்டில் மூன்று முறை காய்ந்தது.
அணிலை எடுத்தேன், இங்கே யாரும் பார்த்ததில்லை.
கஷ்கொட்டையை எடுத்தேன்.
குடையையும்.
இந்த ஊரில் குடை வைத்திருந்தவர் ஒருவர்தான்,
தபாலாபீஸ் எவாரிஸ்தோ.
அது இப்போது அட்லாண்டிக்கில் எங்கோ.

மிச்சம் நின்றது இவ்வளவு:

ஏப்ரல் மாசம் வந்தாச்சு
லெங்கா மரம் சிவந்தாச்சு
ஒண்ணு ரெண்டு மூணு இலை
மெல்ல மெல்ல விழுந்தாச்சு

பெருமையாகத்தான் இருந்தது எனக்கு.

காலையில் பதினொரு பிள்ளைகள், காலுறையோடு.
கையைத் தூக்கு, விரலை ஆட்டு,
மெல்ல மெல்லத் தரைக்குக் கொண்டுவா.
பத்துப் பேர் கொண்டுவந்தார்கள்.
மைலேன் மட்டும்
தோள் உயரத்தில் கையை நீட்டியபடி
கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே ஓட்டம்.
கோட்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே
உள்ளங்கை தப்பென்று ஒட்டியது.

"மைலேன், இலை விழணும்."

"விழாது டீச்சர்.
போகும்."

கேஸ் லாரிக்காரர் மகள்.
வண்டிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கப்
பேச்சு வரும் முன்பே பழகியவள்.

ஜன்னலைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னல்.
வெளியே சிவப்புச் சிவப்பாக,
பஸ்ஸுக்கு நேரமானவர்கள் போல,
எல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.
ஒன்றுகூட விழவில்லை.
எண்ணிப் பார்க்கவே தோன்றியதில்லை இதுவரை.
விழும் விழும் என்று
எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன்.

அப்புறம் அறையில் பதினொரு இலைகள்.
இரண்டு நாற்காலி கவிழ்ந்தது.
அய்னாராவுக்கு மூக்கில் ரத்தம்,
பஞ்சு வைத்ததும் அவளும் மறுபடி இலை.
இந்தச் சத்தத்தில்தான்
பாட்டு தானாக மாறியது.
எந்த வரி யாருடையது என்று
இப்போது கேட்டால் தெரியாது.

விழாதாம் விழாதாம்
இலை இங்கே விழாதாம்
ஓடுமாம் ஓடுமாம்
ஒரே பக்கம் ஓடுமாம்
வேலி வந்து பிடிச்சுக்கிட்டா
வெடவெடன்னு ஆடுமாம்

சரி, வேலியைப் பார்க்கலாம் என்று
கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ்
(அதற்கே முக்கால் மணி நேரம்)
மாட்டிக்கொண்டு போனோம்.
கம்பி வலை முழுக்க இலை.
ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று,
இடம் கிடைக்காதவை மேலே ஏறித் தாண்டின.

"வேலி இல்லாட்டி?" என்றான் சீரோ.
"கடல்."
"கடலுக்கு அப்புறம்?"
எனக்குத் தெரியவில்லை.
மூக்கைத் துடை என்றேன்.

மாலையில் மாவட்டப் படிவம்.
இலையுதிர் காலப் பாடல் கற்பிக்கப்பட்டதா?
ஆம் போட்டேன்.
பேனா கீழே வைக்கப்படவில்லை.
உதிரை அடித்துவிட்டு
மேலே சின்னதாக ஓடு என்று எழுதினேன்.
இலையோடு காலம்.

எழுத்துப்பிழை என்று உஷுவாயாவிலிருந்து
சிவப்பு மையில் வட்டம் போட்டு வரும்.
வரட்டும்.
வேலியில் இன்னும் ஒன்றிரண்டு கட்டம்
காலியாகத்தான் இருக்கிறது.