வடிவாத் தெரியேல்லை

எழுதுமட்டுவாளில் மழை விட்ட விடியல்.
தர்மினியின் கூட்டில் மூன்று கோழி குறைவு.
"உங்கட நாய்தான்" என்கிறாள்
தகர வேலிக்கு மேலால், பல்லு மினுக்கியபடி.

வடலிக்குள் இறங்கிப் பார்த்தேன்.
எங்கள் ஜிம்மி நடந்தால்
வெறிகாரன் மாதிரி அங்குமிங்கும் அலையும் தடம்.
ஈரமணலில் கிடந்ததோ
நூல் பிடித்த ஒரே கோடு.
முன்கால் வைத்த குழியிலேயே பின்கால்.

இரவு டோர்ச் வெளிச்சத்தில் நின்றதும் அதுதான்.
சுருளாத வால், நுனி கறுத்து,
மண்ணைத் தொடாமல் தொங்க;
மெலிந்த கால், கூர்மூஞ்சி.
ஓடவில்லை.
என்னை ஒருதரம் அளந்துவிட்டு
மிதிவெடிப் பலகை கழற்றிய காணிப்பக்கம் போனது.
நாங்கள் இடம்பெயர்ந்திருந்த வருஷங்களில்
அந்தக் காணி
அதன் தாயின் தாய்க்குச் சீதனம்.

நரி என்றால்
தர்மினியின் புருஷன் கருவாட்டுக்குள் நஞ்சு வைப்பான்.
நாய் என்றால்
ஜிம்மிக்குச் சங்கிலி.

ஜிம்மியோ இரவு முழுக்கக் குரைக்கவேயில்லை.
படலையடியில்
வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"சரியான இருட்டு" என்றேன்,
"வடிவாத் தெரியேல்லை."

பிறகு முற்றம் கூட்டினேன்,
இன்றைக்கு மட்டும்
வடலி வரைக்கும்.