ஐம்பதில் ஒன்று

ஐம்பது தட்டுக்கு ஒன்றை எடுத்து
முழுசாய்க் கேட்க வேண்டும். அதுதான் என் வேலை.
ஸ்க்ராண்டனின் வடகோடி, இரவு ஷிப்ட், மூன்றாம் அறை.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
கதவுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு இயந்திரங்கள்
கரும்பிசினை ரொட்டி போல்
தட்டிக்கொண்டிருக்கும்.

படிவத்தில் ஆறு கட்டங்கள்:
சொடுக்கு. கீறல். இரைச்சல். குமிழி.
வளைவு. நடுத்துளை விலகல்.
ஏழாவதாக ஒன்று வேண்டுமென்று
அறுபத்தைந்து நவம்பர் வரை எனக்குத் தோன்றியதில்லை.

அந்த மாதம் பதினோரு இயந்திரங்களில்
ஒரே மாதிரி காலர் வைத்த ஐந்து பையன்கள்.
கிறிஸ்துமஸுக்குள் நாலு லட்சம் தட்டு.
காதலி போய்விட்டாள், திரும்பி வரச் சொல்கிறார்கள்,
இரண்டே கால் நிமிஷம்.
பிடிக்காமலில்லை. கால் அதுபாட்டுக்குத் தாளம் போடும்.
ஒரே இரவில் நாற்பது தடவை கேட்டால்
வீடு திரும்பும் பஸ்ஸில்
மழை துடைக்கும் வைப்பரும் அதையே பாடும்.

பன்னிரண்டாவதில் மட்டும் ஜாஸ்.
மொத்தமே எழுநூறு பிரதி.
நீல உறை. அதில் ஒரு மனிதர்,
முகத்தைவிட சாக்ஸபோனுக்குத்தான் வெளிச்சம்.
லூதர் மெக்கேன்ட்ஸ், டெனர்.
அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாம் பக்கம், மூன்றாவது உருப்படி.
டிரம்காரர் கம்பித் தூரிகையால் தோலைத் தடவுகிறார்,
ஈரத் தரையைப் பெருக்குவது போல.
பாஸ் நாலு எட்டு வைத்து நிற்கிறது.
பிறகு
ஊதுவதற்கு முன் அவர் மூச்சை இழுக்கிறார்.

ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தேன்.

இழுக்கும்போது நடுவில் ஒரு படி தடுக்குகிறது.
அதற்கும் அடியில்
கூழாங்கற்களை ஈரத்துணியில் கட்டி உருட்டினாற்போல் ஒன்று.
எனக்கு அது தெரியும்.
எங்கள் கட்டிலின் இடப்பக்கம்
ஒன்பது வருஷமாய் அதுதான் கடிகாரம்.
காஸிமிர் சுரங்கத்தில் இருந்தது இருபத்திரண்டு வருஷம்.
டாக்டர் தூக்கிக் காட்டிய எக்ஸ்ரேயில்
யாரோ சிகரெட் சாம்பலைத் தட்டியிருந்தார்கள்.

இந்த ஆள் கரி வெட்டியவரா, பஞ்சாலையா,
வெறும் சிகரெட்டா, தெரியாது.
உறையின் பின்பக்கம் நாலு பத்தி எழுதியவருக்கும் தெரியவில்லை.
'மௌனங்களை நம்பும் துணிச்சல்' என்கிறார்.
துணிச்சல் இல்லை ஐயா,
அடுத்த காற்று வந்து சேரவில்லை.

மேற்பார்வையாளர் ஹாலரனைக் கூப்பிட்டேன்.
ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டார்.
கீறலா? இல்லை.
இரைச்சலா? அதுவும் இல்லை.
"பின்னே என்ன, மிஸஸ் ஜாரோஷ்?"
இவருக்கு உடம்பு சரியில்லை, என்றேன்.
படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கட்டங்களை இன்னொரு தரம் பார்த்தார்.
'தேர்ச்சி' முத்திரையைக் குத்திவிட்டுப்
பையன்களிடம் போனார்.

விடிகாலை காஸிமிரிடம் சொன்னேன்.
மூன்று தலையணைமேல் சாய்ந்திருந்தவர்
"நல்லா ஊதறானா?" என்றார்.
ரொம்ப.
"அப்ப அவனுக்குக் காற்றை எங்கே செலவழிக்கணும்னு தெரிஞ்சிருக்கு.
நான் உன்னோடு சண்டை போட்டே தீர்த்துட்டேன்."
சிரிக்கப் போய், அந்தப் படியில் தடுக்கி,
வெகுநேரம் இருமினார்.

ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கலாம்.
எங்கள் வீட்டில் ஓட்டும் கருவி கிடையாது.
எட்டு மணி நேரம் கேட்டவளுக்கு
வீட்டில் என்னத்துக்கு?

அறுபத்தேழு மார்ச்சில், விற்காதவை திரும்பி வந்தன.
ஐந்நூற்றுச் சொச்சம்.
நடு லேபிளைத் துளைத்தெடுத்துவிட்டுத் தட்டை அரைத்து,
புதுக் குருணையோடு கலந்து
மறுபடி இயந்திரத்தில் கொட்டுவார்கள். எப்போதும் அப்படித்தான்.
அதற்குள் கட்டிலின் இடப்பக்கம்
சத்தமில்லாமல் ஆகியிருந்தது.

அன்றிரவு பன்னிரண்டிலும் பையன்கள்.
வேறு பையன்கள், முடி இன்னும் கொஞ்சம் நீளம்.
பாட்டு தொடங்குமுன் இரண்டு நொடி வெறும் பள்ளம்.
அதை ஏழு முறை ஓட்டினேன்.
கறுப்பில் கறுப்பைக் கரைத்தபின்
எது எங்கே என்று யார் சொல்வது?
'இரைச்சல்' கட்டத்தின்மேல்
பேனா கொஞ்சம் நின்றது.
கதவைத் தட்டினார்கள்,
அடுத்த ஐம்பது தயார்.